காலையில் பிடிக்காத பழைய மிலிட்டரி லாரி: எதை முதலில் பார்ப்பது?

கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்று பேர் எடுத்த ஊர்கள் வேலூர் பக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி வண்டியை வாசலிலோ நிலத்து ஓரத்திலோ நிறுத்தி ஆசையாக வைத்துக்கொள்கிறவர்களும் இங்கே உண்டு. பெரும்பாலும் அது ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் செய்த ஜோங்கா ஜீப்பாக இருக்கும். இல்லையென்றால் அதே தொழிற்சாலையின் ஒரு டன் நிஸ்ஸான் லாரி. இரண்டிலும் இருப்பது ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் இன்ஜின், அதன் தலையில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற ஒரு கார்பரேட்டர். சக்திமான் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. அது டீசல், அதன் சங்கதியே வேறு.

இந்த வண்டிகளைப் புதிதாக வாங்கியவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, மதியத்துல தொட்டாலே பிடிக்குது. காலையில மட்டும் பேட்டரி தீர்ற வரைக்கும் செல்ஃப் அடிச்சாலும் பிடிக்க மாட்டேங்குது. இன்னா பண்றது?" பட்டறைக்குப் போனால் முதலில் பிளக் மாறும், அப்புறம் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கிற காயில், அப்புறம் கார்பரேட்டரே மாறும். காசு கரைந்துகொண்டே போகும், காலைத் தகராறு அப்படியே நிற்கும். பாகம் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் பாதிக்குக் கண்ணும் ஒரு டார்ச் லைட்டும் போதும். எதை எந்த வரிசையில் பார்ப்பது, ஏன் அந்த வரிசை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆறிய இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

வேலூரில் ஏது குளிர் என்று கேட்கலாம். மார்கழி, தை மாத விடியற்காலையில் 17, 18 டிகிரி வரை இறங்கும். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் அதைவிடக் குறையும். கோடையில் விடியும்போதே புழுங்கும். இன்ஜினுக்கு இந்த வித்தியாசமெல்லாம் பெரிதில்லை. ஓடும்போது அதற்குள் சுற்றுகிற தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரியில் இருக்கும். இரவெல்லாம் நின்றுவிட்டால், வெளியே 18 ஆனாலும் 28 ஆனாலும், அது ஆறிப்போன இன்ஜின்தான். சித்திரை மாதத்திலும் காலையில் வண்டி அடம்பிடிப்பது இதனால்தான்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பிளக்கின் பொறி அதைப் பற்ற வைக்க முடியும். அதிலும் பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை, பல திரவங்களின் கலவை. சில பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். சிலவற்றுக்கு 200 டிகிரி வேண்டும். ஆறிய இன்ஜினில் அந்த லேசான பகுதி மட்டும்தான் ஆவியாகிறது. மீதி எல்லாம் கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகிற குழாயின், அதாவது இன்டேக் மேனிஃபோல்டின், சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. சூடான இன்ஜினில், எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் சரியாக எரிந்து தீரும். காலையில் அதே விகிதத்தில் கொடுத்தால் சிலிண்டருக்குப் போய்ச் சேர்கிற ஆவி போதவே போதாது. ஈர விறகுக்கு எத்தனை தீக்குச்சி செலவழித்தாலும் அடுப்பு எரியாதது போல, ஆவி இல்லாத சிலிண்டருக்குப் புது பிளக் போட்டுப் பயனில்லை.

ஆகவே காலையில் பெட்ரோலைத் தாராளமாக விட வேண்டும். சுவரில் ஒட்டுவது ஒட்டட்டும், ஆவியாகிற கொஞ்சமே போதுமான அளவு ஆகிவிடும். இங்கேதான் அடுத்த இடைஞ்சல். கார்பரேட்டர் பெட்ரோலை இழுப்பது, அதன் குறுகலான தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும்போதுதான். இன்ஜின் தானாக ஓடும்போது அந்த வேகம் இருக்கும். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நிமிடத்துக்கு 100, 150 சுற்றுதான். காற்று சோம்பேறித்தனமாகப் போகும், ஜெட் என்கிற சின்னத் துளையிலிருந்து பெட்ரோல் எழும்பாது. அதற்காகத்தான் சோக்கு. மேலே ஒரு தகடு வாயை மூடிக்கொள்ளும். பிஸ்டன் இழுக்கிற இழுப்பு முழுவதும் பெட்ரோல் ஜெட்டின் மேல் விழும்.

மூன்றாவது இடைஞ்சல் கரண்ட். செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் குடிக்கும். அந்த நேரத்தில் பேட்டரி வோல்டேஜ் சரியும், காயிலுக்குப் போவதும் சரியும், பொறியும் மெலியும். ஆக, ஆவி குறைவாக இருக்கிற அதே நேரத்தில் சுற்றும் வேகமும் குறைவு, பொறியும் பலவீனம். ஓடும்போது வெளியே தெரியாத சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் காலை ஸ்டார்ட்டில் ஒன்று சேர்ந்து தலைகாட்டுவது இதனால்தான். மதியம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பிடிக்காமல் போவது வேறு வியாதி. அது சூட்டில் வருவது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

செல்ஃபைத் தொடுவதற்கு முன்னால்

நம் ஊரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கார்பரேட்டரின் தொண்டையை. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிடுங்கள். இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம். ஒரு தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். ஏர் கிளீனர் ஆயில் பாத் வகையாக இருந்தால் சாய்க்காமல் நேராகத் தூக்கி எடுங்கள், அடியில் எண்ணெய் நிற்கும்.

சோக்குத் தகடு மூடியிருந்தால் அதைத் திறந்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒருவரை ஆக்சிலேட்டரை ஒரு முறை அழுத்தச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கையால் லிங்கேஜை நகர்த்துங்கள். தொண்டையின் ஓரத்தில் இருக்கிற சின்னக் குழலிலிருந்து ஊசி முனை கனத்தில் பெட்ரோல் பீய்ச்சி எதிர்ச் சுவரில் அடிக்க வேண்டும். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் மறுபடி அதே பலத்தில் அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் பவுலில், அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கிற சின்னத் தொட்டியில், பெட்ரோல் இருக்கிறது, ஆக்சிலேட்டர் பம்பும் வேலை செய்கிறது. பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக வழிந்தால் பம்பின் வாஷர் காய்ந்து போயிருக்கலாம், அல்லது அந்தக் குழல் அடைத்திருக்கலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் பவுல் காலி.

வாரக்கணக்கில் நின்ற வண்டியில் வேலூர் வெயிலுக்குப் பவுல் காலியாக இருப்பது அதிசயமே இல்லை. ஓடுகிற இன்ஜினை நிறுத்தியதும் ஃபேன் நிற்கும், தண்ணீர் ஓட்டமும் நிற்கும். பிளாக்கின் சூடு அப்படியே மேலேறி கார்பரேட்டரைச் சுட வைக்கும். பவுலில் இருப்பது ஆவியாகிக் காற்றுத் துளை வழியாகப் போகும். மீதி இருப்பதை அடுத்த சில நாள் வெயில் கவனித்துக்கொள்ளும். போவதிலும் முதலில் போவது லேசான பகுதி, அதாவது காலை ஸ்டார்ட்டுக்கு நமக்கு வேண்டிய பகுதியேதான்.

இப்போது செல்ஃப் அடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்த வண்டிகளின் பெட்ரோல் பம்ப், மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்வது, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டால் இயங்குவது. கேம் ஷாஃப்ட் இன்ஜினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். செல்ஃப் 100 சுற்று சுற்றினால் பம்புக்கு 50 அடிதான். பைப்பிலும் பெட்ரோல் இறங்கியிருந்தால், டேங்கிலிருந்து இழுத்து, பைப்பை நிரப்பி, பவுலை நிரப்பி முடிப்பதற்குள் பேட்டரி பாதி இறங்கிவிடும். பெட்ரோல் வந்து சேர்கிற நேரத்தில் பொறி போதாமல் போகும். வண்டிக்காரர் காயிலைக் குறை சொல்வார்.

இதற்கு மருந்து பம்பிலேயே இருக்கலாம். பல ஏசி பம்புகளில் பக்கவாட்டிலோ அடியிலோ கையால் அடிக்கிற சின்ன லீவர் ஒன்று உண்டு. மேலும் கீழும் அடித்தால் ஒவ்வொரு அடியிலும் விரலில் ஒரு பிடிமானம் தெரியும். பவுல் நிறைந்து, பெட்ரோல் வரும் வழியை அடைக்கிற நீடில் வால்வு மூடியதும் அந்தப் பிடிமானம் போய் லீவர் லொடலொடவென்று ஆடும். அதுதான் நிறுத்த வேண்டிய அடையாளம். ஆரம்பத்திலேயே லீவர் லொடலொடத்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேம் மேடு பம்பின் கையைத் தூக்கிப் பிடித்திருக்கும். கையால் சுற்றுகிற ஹேண்டில் போட்டோ செல்ஃபை ஒரு தட்டு தட்டியோ இன்ஜினை ஒரு சுற்று நகர்த்திவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். ஹேண்டில் போடும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துபோகும்.

லீவர் இல்லாத பம்ப் என்றால், ஊசி இல்லாத சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து, பவுலின் காற்றுத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். ஆனால் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் தொண்டையில் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் ஒரு முறை பின்னால் வெடித்தால் கார்பரேட்டர் வழியாகத் தீ வெளியே வரும். ஊற்றுகிறவர் கையில் திறந்த பாட்டில் இருக்கும், முகம் அதற்கு நேரே இருக்கும்.

ஒரே இரவில் பவுல் காலியானால்

வாரம் நின்று காலியானால் அது வெயில் செய்த வேலை. நேற்று மாலை ஓடிய வண்டி இன்று காலை காலி என்றால் எங்கோ வழி இருக்கிறது. பம்புக்குள் இருக்கிற சின்ன வால்வுகள் சரியாக மூடாமல் பைப்பிலிருக்கும் பெட்ரோல் டேங்குக்கே திரும்பியிருக்கலாம். கார்பரேட்டரின் அடிப்பகுதி அடைப்பான் கசிந்து, பவுலில் இருந்தது மேனிஃபோல்டுக்குள் இறங்கியிருக்கலாம்.

இவற்றைவிடப் பிடிபடாதது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ். பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற பைப்பில் விரிசல் விட்டால் பெட்ரோல் வெளியே சொட்டும், வாசனையிலேயே தெரிந்துவிடும். டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற பக்கம் அப்படி இல்லை. அங்கே பம்ப் உறிஞ்சுகிறது. விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. நின்றதும் அந்தக் காற்று வழியாகவே பைப்பில் இருப்பது டேங்குக்கு இறங்கிவிடும். பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்று போட்டுவிட்டால் இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். மாலையில் எவ்வளவு இருந்தது, காலையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். லீவர் அடிக்கும்போது ஃபில்டரில் குமிழி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் உறிஞ்சுகிற பக்கத்து ஹோஸ்களை எல்லாம் மாற்றிவிடலாம். பெட்ரோலுக்கென்றே வருகிற ஹோஸாக இருக்க வேண்டும், தண்ணீர் ட்யூப் உதவாது.

பம்பைப் பார்க்கிற சாக்கில் ஆயில் டிப்ஸ்டிக்கையும் உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை பலமாக வந்து, ஆயில் அளவும் கூடியிருந்தால், பம்பின் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயில் சேம்பருக்கு இறங்குகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அதைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றாமல் வண்டியை ஓட்டக் கூடாது.

இதற்கு நேர் எதிரானது ஓவர் ஃப்ளோ. காலையில் கிட்டே போனாலே பெட்ரோல் வாசனை, தொண்டைக்குள் ஈரம், மேனிஃபோல்டு நனைந்திருக்கும். நீடில் வால்வில் தூசி மாட்டியிருக்கலாம், அல்லது பவுலில் மிதந்து அந்த வால்வை மூடுகிற பித்தளை ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் ஏறி அது மூழ்கியிருக்கலாம். ஃப்ளோட்டைக் கழற்றிக் காதோரம் ஆட்டினால் உள்ளே சலசலப்பது கேட்கும். கேட்கவில்லை என்றாலும் நன்றாகச் சூடான தண்ணீரில், அடுப்பிலிருந்து தள்ளி இறக்கி வைத்த தண்ணீரில், அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஊசித் துளை எங்கே இருந்தாலும் அங்கிருந்து வரிசையாகக் குமிழி கிளம்பும்.

சோக்குக் குமிழை இழுத்தால் தகடு மூடுகிறதா?

டாஷ்போர்டில் குமிழ் முழுசாக வெளியே வந்துவிட்டது என்பதால் கார்பரேட்டரில் தகடு மூடிவிட்டது என்று ஆகாது. பழைய கேபிள் நீண்டிருக்கும், அல்லது அதன் வெளி உறை கிளாம்பில் நழுவியிருக்கும். இன்னொருவரை இழுக்கச் சொல்லிவிட்டுத் தகட்டைப் பாருங்கள். ஓரத்தில் சுண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியாகப் போய்விடும், ஜெட்டின் மேல் இழுப்பு விழாது. கிளாம்பு ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழை உள்ளே தள்ளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே விட்டு, தகட்டை முழுசாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிறகு இழுத்துப் பார்த்தால் தகடு அடைத்துக்கொண்டு மூட வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகாமல் தீர்ந்துபோகிற காலைத் தகராறுகளில் இது முக்கியமானது.

மூடினால் மட்டும் போதாது, இன்ஜின் பிடித்த நொடியில் தகடு கொஞ்சம் திறக்கவும் வேண்டும். கையால் இழுக்கிற சோக்குகளில் பெரும்பாலும் தகட்டின் அச்சு நடுவில் இருக்காது, சற்று ஒதுங்கியிருக்கும், கூடவே ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். இன்ஜின் பிடித்து இழுப்பு கூடியதும் காற்றே தகட்டைத் தள்ளிக்கொண்டு வழி செய்துகொள்ளும். அந்தத் தகடு துருப்பிடித்தோ பிசுக்கேறியோ இறுகியிருந்தால் இன்ஜின் இரண்டு விநாடி ஓடி, பெட்ரோலில் மூழ்கி நின்றுவிடும். "பிடிக்குது, உடனே அணைஞ்சுடுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஸ்டார்ட் செய்கிற முறையும் முக்கியம். சோக்கை முழுசாக இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு முறை அழுத்தி விட்டு, காலை எடுத்துவிடுங்கள். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் அரை நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். பிடித்ததும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளுங்கள். வேலூர் சமவெளியில் ஒன்றிரண்டு நிமிடத்தில் முழுசாகத் தள்ளிவிடலாம். ஏலகிரி மேல் தை மாதக் காலை என்றால் இன்னும் கொஞ்சம் தாமதிக்கலாம். சோக்கு இழுத்தபடியே காட்பாடி வரை ஓட்டிவிட்டு வந்தால் பிளக்கில் கரி படியும், சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும். இரண்டுமே மறுநாள் காலை ஸ்டார்ட்டை இன்னும் கடினமாக்கும்.

அதிகமாக அடித்துப் பெட்ரோல் மிஞ்சி ஃபிளட் ஆகிவிட்டால் சோக்கை உள்ளே தள்ளுங்கள், ஆக்சிலேட்டரைத் தரை வரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காலை ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும். தரையோடு பிடித்தால் காற்று தாராளமாகப் போய் அதிகப்படியானதைத் துடைத்துக்கொண்டு போகும்.

பிளக் சொல்வதைக் கேளுங்கள்

பெட்ரோலும் சோக்கும் சரி, இன்னும் பிடிக்கவில்லை என்றால், பத்து விநாடி செல்ஃப் அடித்த கையோடு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவே இல்லை. திரும்ப முதல் வேலைக்குப் போக வேண்டியதுதான். நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. ஒன்று ஃபிளட் ஆகியிருக்கிறது, இல்லை பொறி போதவில்லை. மெத்தென்று கறுப்புக் கரி இருந்தால் சோக்கை அதிக நேரம் இழுத்து வைத்த பழக்கம். இந்த ஒரு பார்வை பாதிப் பிரச்சினையை ஒதுக்கிவிடும்.

பொறி என்று வந்தால் முதலில் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி நிறைவாக, ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. சில ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் அமைப்பு இருக்கும், அங்கே இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மிலிட்டரி வண்டியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: பெயிண்ட். சர்வீஸில் இருந்த காலம் முழுக்க பச்சை பெயிண்ட் மேல் பச்சை பெயிண்ட் அடித்திருப்பார்கள். எர்த் பட்டை போல்ட்டுக்கு அடியிலும் அது புகுந்திருக்கும், அதற்கும் கீழே துரு. போல்ட்டைக் கழற்றி, சுற்றிலும் பளபளவென்று இரும்பு தெரிகிறவரை தேய்த்து, திரும்ப முடுக்குங்கள். செல்ஃப் மந்தமும் போகும், பொறியும் பலமாகும்.

அடுத்தது பொறிக்கான கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர், நம் மெக்கானிக்குகள் டெல்கோ என்பது. மார்கழிப் பனியில் நின்ற வண்டியில் மூடியின் உள்பக்கம் ஈரம் பூத்திருக்கும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கறுப்பாக மயிரிழை மாதிரி கோடு ஓடியிருந்தால் மூடியை மாற்ற வேண்டும், கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. ரேடியோவுக்கு இடைஞ்சல் வராமலிருக்க ஒயர்களுக்கு உலோக உறை போட்ட ராணுவ வண்டி என்றால் உறைக்குள்ளும் ஈரம் தங்கும். நாள்கணக்கில் நின்ற வண்டியில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டைத் திறந்து மூடுகிற பாயிண்ட் முனைகளில் மெல்லிய படலம் படியும். இக்னிஷனை அணைத்துவிட்டு, சுத்தமான அட்டைத் துண்டைப் பாயிண்டுக்கு நடுவில் விட்டு இழுத்தாலே அது போகும். இடைவெளி வழக்கமாக 0.45 முதல் 0.5 மில்லிமீட்டர், கேம் மேட்டில் நிற்கும்போது ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. பாயிண்ட் மாற்றிச் சில நாளிலேயே கருகிக் குழி விழுந்தால் பாயிண்டோடு சேர்ந்திருக்கிற கண்டன்சரைச் சந்தேகியுங்கள். வண்டியை யாராவது கழற்றி மாட்டியிருந்தால் ஒயர் வரிசையையும் சரிபார்த்துவிடுங்கள். இந்த ஆறு சிலிண்டருக்குப் பொறி போகிற வரிசை 1-5-3-6-2-4.

பொறியைப் பார்க்க பிளக்கைப் பிளாக்கில் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது, திறந்த பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதை மறக்கக் கூடாது. அந்த ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், ஒயரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். நீலமாக, சட்சட்டென்று சத்தத்தோடு வந்தால் நல்ல பொறி. மெலிந்து மஞ்சளாக வந்தால் காலை வேளைக்கு அது போதாது.

இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோல்

நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகளின் கார்பரேட்டரை வடிவமைத்த காலத்தில் அப்படி ஒன்று இல்லை. எத்தனால் எரிவதற்குக் காற்று குறைவாகப் போதும். அதனால் இந்தக் கலவைக்குச் சரியான விகிதம் 14.7 இல்லை, ஏறக்குறைய 13.5. பழைய ஜெட் பழைய அளவுதான் கொடுக்கும், ஆகவே கலவை எப்போதும் கொஞ்சம் மெலிந்தே இருக்கும். மேலும் எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு வேண்டும், கொதிப்பதோ 78 டிகிரியில். ஆறிய இன்ஜினில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? சோக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்பது இதனாலும்தான்.

அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பாதி டேங்கோடு மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் சேர்ந்து எத்தனாலோடு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கலாம். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். சந்தேகமிருந்தால் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்தால் கோடு தெரியும். பழைய டேங்கின் பிசுக்கையும் எத்தனால் கரைத்துக் கிளப்பும், பழைய ரப்பரையும் ஊதிப்போக வைக்கும். நீடில் வால்வில் தூசி மாட்டுவதும் ஹோஸ் விரிசல் விடுவதும் முன்னைவிட அடிக்கடி நடந்தால் காரணம் இங்கே இருக்கலாம். எப்போதாவது மட்டும் எடுக்கிற வண்டியில் டேங்கை நிறைத்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தேவைக்குப் போட்டு, ஓட்டித் தீர்த்து, புதுசு போடுவதுதான் காலை ஸ்டார்ட்டுக்கு நல்லது.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகிற அழுத்தத்தைப் பார்க்கிற பக்கம் போக வேண்டும். டேப்பெட் (வால்வு) இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி வைத்துவிட்டு, எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிரித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்திக்கொண்டு, ஆறு சிலிண்டரையும் கேஜில் அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பட்டறைக்குப் போகும்போது அந்த ஆறு எண்களையும், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி காட்டிய வோல்டேஜையும், காலையில் பவுலில் பெட்ரோல் இருந்ததா, பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகும் எடுத்த எடுப்பில் கார்பரேட்டரை மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம், எதனால் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.